பிரேக் தட்டுக்கு மீன் எண்ணெய்

எங்கள் குப்பத்தில் இரும்பு என்று எது கண்ணில் பட்டாலும் அதன்மேல் மீன் எண்ணெய் பூசிவிடுவார்கள். படகுப் பலகைக்குப் பூசிப் பழகிய கை, வேறு எதைக் கண்டாலும் சும்மா இருக்காது. நங்கூரம், கதவுக் கீல், பூட்டு, அருவாமனை, கடைசியில் சைக்கிள். சுறா ஈரலைக் காய்ச்சி எடுத்த அந்த எண்ணெய் வீட்டுக்கு வீடு ஒரு பாட்டிலில் இருக்கும். ஒரு பக்கம் பழவேற்காடு ஏரி, இன்னொரு பக்கம் கடல். இரண்டு பக்கத்து உப்பும் சேர்ந்து புது ஆணியை ஒரே மழைக்காலத்தில் தின்றுவிடும். ஆகவே பூசுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் சைக்கிள் ரிம்முக்கும் பூசுவார்கள். அங்கேதான் எனக்கும் ஊருக்கும் சண்டை.

எழுபதுகளின் கடைசியில், பழவேற்காட்டில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓலைக் கொட்டகை போட்டு சைக்கிள் கடை வைத்தேன். மீன் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு பொன்னேரி வரைக்கும் மிதிக்கிறவர்கள்தான் என் வாடிக்கை. ஐஸ் உருகி மீன் தண்ணீர் பின்சக்கரத்தில் சொட்டிக்கொண்டே போகும். அந்தப் பாரத்தோடு சரிவில் இறங்கும்போது, ரிம்மைக் கவ்விப் பிடிக்கிற இரண்டு ரப்பர் கட்டைதான் அவர்களுக்குத் துணை. அந்த ரிம்மில் எண்ணெய் இருந்தால் கட்டை எதைக் கவ்வும்?

“இன்னாபா, போன வாரம்தான் கட்டை மாத்தன. அதுக்குள்ள புடிக்க மாட்டன்னுது?”

“ரிம்முல இன்னா பூசன?”

“துரு புட்சிக்கினு இருந்துச்சு. கொஞ்சூண்டு எண்ண…”

இந்தப் பேச்சை வாரத்துக்கு நாலு முறையாவது பேசியிருப்பேன். சாம்பலும் சலவைச் சோடாவும் போட்டு ரிம்மைத் தேய்த்துக் கொடுத்து, வாயில் வந்தபடி திட்டியும் அனுப்புவேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும், அதை மறைக்கவில்லை. ஒரு பலகையில் கரியால் எழுதியே தொங்கவிட்டேன்: ‘ரிம்முக்கு எண்ணெய் போட்டு வருகிறவர்களுக்கு பிரேக் பார்க்கப்படாது.’ எல்லாரும் படித்தார்கள், சிரித்தார்கள், மறுபடியும் எண்ணெய் பூசிக்கொண்டு வந்தார்கள். நானும் பார்த்துக் கொடுத்தேன்.

இந்தத் தொழிலுக்கு நான் சும்மா வந்துவிடவில்லை. ஏரியில் ஆழம் குறைந்த நல்ல இடங்களில் வலை கட்டுவதற்கு எங்கள் குப்பத்தில் முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஒவ்வோர் ஆம்பிளைக்கும் அதில் ஒரு பேர் உண்டு. அந்தப் பேர் இருந்தால் எப்படியும் கஞ்சி உண்டு. கடை வைத்த வருஷம் என் பேரை அண்ணன் பக்கம் விட்டுக்கொடுத்துவிட்டேன். ஒரு தடவை விட்டால் விட்டதுதான், திரும்பிப் போய்க் கேட்க முடியாது. அன்றைக்கு நைனா வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். “தண்ணி சோறு போடும்டா. இரும்பு இன்னா போடும்? அத நக்கிக்கினு கெட!” எனக்கு இரும்புதான் பிடித்திருந்தது. ஆனால் அன்றிலிருந்து என் கைத்தொழிலைத் தவிர எனக்கு வேறு பிடிமானம் கிடையாது என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

சைக்கிளிலிருந்து மெல்ல மோட்டாருக்கு வந்தேன். மீஞ்சூரில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் ஒன்றரை வருஷம் போய் வந்து, டிரம் பிரேக்கைக் கழற்றி லைனிங் மாற்றக் கற்றுக்கொண்டேன். ஐஸ் வண்டி, டெம்போ, டாக்ஸி என்று கொட்டகை வாசலில் வண்டிகள் நிற்க ஆரம்பித்தன. மற்ற வேலையை யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள், பிரேக் என்றால் அவனிடம் கொண்டு போ என்று ஏரிக்கரை முழுக்கப் பேர் வந்தது. எனக்குச் சொந்தமாக இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்த ஒரு பாய் இருந்தார். தலைமுறை தலைமுறையாக வியாபாரக் குடும்பம், பேச்சில் மரியாதை குறையாத மனுஷர். அவருடைய பழைய காருக்கு நான்தான் பிரேக் பார்ப்பேன். அவருக்கு டிரைவர் வேண்டும் என்றபோது, என் மனைவியின் தம்பியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். மெட்ராஸில் லாரியில் கிளீனராக ஓடி லைசன்ஸ் எடுத்துக்கொண்டு வந்து, வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தான். படகில் ஏறினால் வாந்தி எடுக்கிறவன், குப்பத்தில் அவனுக்கு அதனாலேயே ஆயிரம் கிண்டல். நான் அவனைக் கிண்டல் செய்ததில்லை. தண்ணீரை விட்டு வந்தவனுக்குத் தண்ணீரை விட்டு வந்தவன் துணை என்று நினைத்தேன். “நீ சொன்னா சரி. உன்ன நம்பித்தான் வண்டிய குடுக்கறேன்” என்றார் பாய்.

எண்பதுகளின் நடுவில் நாட்டில் புதிதாக ஒரு சின்ன கார் வந்தது. பாய் அதை வாங்கிவிட்டார். வெள்ளை நிறம். வந்த அன்று பஸ் ஸ்டாண்டில் பாதி ஊர் அதைச் சுற்றி நின்றது. எல்லாரும் உள்ளே இருக்கிற சீட்டைப் பார்த்தார்கள். நான் கீழே படுத்துச் சக்கரத்தைப் பார்த்தேன். முன்சக்கரத்தில் டிரம் இல்லை. பளபளவென்று ஓர் இரும்புத் தட்டு இருந்தது. டிஸ்க் பிரேக் என்று கேள்விப்பட்டிருந்தேனே தவிர, கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிரிக்கத் தெரியாமல் கை வைக்கக் கூடாது. மெட்ராஸ் போய், அந்த வண்டிகளைப் பார்க்கிற ஒர்க்‌ஷாப் ஒன்றின் வாசலில் இரண்டு நாள் நின்றேன். முதல் நாள் துரத்தினார்கள். இரண்டாம் நாள், சரி ஒழி, தள்ளி நின்று பார் என்று விட்டார்கள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சக்கரத்தோடு சேர்ந்து தட்டு சுற்றுகிறது. இரண்டு பக்கமும் இரண்டு பேடு. பெடலை மிதித்தால் குழாய் வழியாக பிரேக் ஆயில் தள்ள, இரண்டு பேடும் தட்டைக் கவ்விப் பிடிக்கிறது. நம்முடைய சைக்கிள் பிரேக்கேதான்! ரிம் இருக்கிற இடத்தில் தட்டு, ரப்பர் கட்டை இருக்கிற இடத்தில் பேடு. ஊருக்கு வந்து மச்சினனிடம் இதைத்தான் சொன்னேன். அவனும் சிரித்தான்.

இரண்டு மழைக்காலம் ஓடிய பிறகு அந்தக் காரின் முன்சக்கரத்தில் கறகறவென்று சத்தம் வந்தது. பேடு தேய்ந்து தகடு உரசுகிறது. பாய் மெட்ராஸிலிருந்து நல்ல பேடு வரவழைத்தார். மச்சினன் பக்கத்தில் நிற்க, நான் மாற்றினேன். ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, பேடைப் பிடித்திருக்கிற காலிபரின் போல்ட்டுகளை இறக்கினேன். உப்பில் துருப்பிடித்து இறுகி இருந்த பின்களைத் தேய்த்து வழவழப்பாக்கினேன். உள்ளே இருக்கிற பிஸ்டனை ஒரு மரத்துண்டு வைத்துப் பின்னால் தள்ளினேன். புதுப் பேடு போட்டு எல்லாவற்றையும் பூட்டினேன். பிறகு வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் பெடலைப் பல தடவை மிதிக்க வேண்டும், கல் மாதிரி ஆகும் வரை. மிதித்தேன். மச்சினனையும் உட்காரவைத்து மிதிக்கச் சொன்னேன். “ஜம்முனு கீது மாமா” என்றான். ஐஸ் கம்பெனி வரை ஓட்டிப் போய், போகப் போகப் பத்துப் பதினைந்து தடவை நிறுத்திப் பார்த்தோம்.

வண்டியை ஒப்படைக்கும்போது இன்னொன்றும் சொன்னேன். “தட்டு தொறந்து கெடக்குது. நம்மூரு காத்துக்குக் காலைல பாத்தா செவப்பா துரு தெரியும். கண்டுக்காத. ரெண்டு தபா பிரேக் புட்சா தானா போய்டும். அதுல கை வெக்காத. எண்ண கிண்ண காட்டவே காட்டாத.”

“அய்யே, இத எங்கிட்ட போய் சொல்றியே மாமா. உன் போர்ட படிக்காதவனா நானு?”

அவன் சொன்ன வார்த்தை இதுதான். ஒன்றுகூட மாற்றாமல் எழுதுகிறேன்.

நாலாம் நாள் காலையில், இறால் வாங்க மெட்ராஸிலிருந்து பெரிய ஆள் ஒருவர் வருவதாக இருந்தது. அவரைப் படகுத்துறைக்குக் கூட்டிவரக் காரை அனுப்பினார் பாய். துறைக்குப் போகிற வழியில் கரை மேடு ஒன்று இருக்கிறது. மேடேறி இறங்கினால் மீன் விற்கிற பெண்கள் கூடையோடு உட்கார்ந்திருக்கும் இடம். கார் மேட்டிலிருந்து இறங்கியது, நிற்கவில்லை. வேகம் அதிகம் இல்லை, மச்சினன் ஒடித்துத் திருப்பவும் பார்த்தான். எங்கள் குப்பத்துப் பெண் ஒருத்தி, எனக்கு அத்தை முறை, கூடையை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பதற்குள் வண்டி அவள் காலில் ஏறிவிட்டது. பிறகு ஏரித் தண்ணீரில் மூக்கை நனைத்துக்கொண்டு நின்றது; உள்ளே இருந்த பெரிய ஆளுக்குக் கீறல்கூட இல்லை.

நான் ஓடிப் போனபோது அத்தையைக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். வலியில் அவள் போட்ட கூச்சல் இன்னும் எனக்கு மறக்கவில்லை. மச்சினன் காருக்குப் பக்கத்தில் நின்றான். என்னைப் பார்த்ததும் கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி, “புது பிரேக்கு மாமா… நாலு நாளு முன்னாடி நீதான மாத்தன?” என்றான். அப்போது எனக்கு அவன்மேல் சந்தேகம் வரவில்லை. பயத்தில் உளறுகிறான், நான்தான் எங்கேயோ தவறிவிட்டேன் என்றே நினைத்தேன். போல்ட்டா, பின்னா, ஆயில் கசிந்துவிட்டதா?

வண்டியை இழுத்துவந்து கொட்டகையில் நிறுத்தினோம். பெடலை மிதித்தேன், கல் மாதிரி இருந்தது. ஆயில் சொட்டுக்கூடக் குறையவில்லை. சக்கரத்தைக் கழற்றியதும் வாசனை வந்தது. தட்டைத் தொட்டேன், விரல் வழுக்கியது. பேடைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனேன். மீன் எண்ணெய். சூட்டில் வெந்து, வாணலியில் கருகின மாதிரி பேடு முழுக்க ஊறியிருந்தது. இடது பக்கம், வலது பக்கம் இரண்டிலும்.

எனக்கு வந்தது கோபம்கூட இல்லை. முதலில் வந்தது நிம்மதி. சத்தியமாகச் சொல்கிறேன், அத்தையின் காலை நான் உடைக்கவில்லை என்று ஒரு நிமிஷம் சந்தோஷமே பட்டேன். அவனும் வேண்டும் என்று செய்திருக்க மாட்டான். பெரிய ஆள் வருகிறார், பளபளவென்று இருந்த தட்டு காலையில் சிவந்து கிடக்கிறது, துருவைக் கண்டதும் குப்பத்துக் கை சும்மா இருக்கவில்லை. கூப்பிட்டுக் கேட்டால் ஒப்புக்கொள்வான், நாலு அறை விட்டு, பாயிடம் நானே அவனுக்காகப் பேசலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வெளியே வரவில்லை. தலை வலிக்கிறது, படுத்திருக்கிறான் என்றாள் மாமியார். மறுநாளும் போனேன். மறுநாளும் தலைவலி.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “உன் தம்பி தட்டுல எண்ண பூசி வெச்சிகிறான்.”

“நீ பாத்தியா?” என்றாள்.

“மோந்து பாத்தேன்.”

“தெரியாம சொல்லாதய்யா. அவனுக்குப் பொண்ணு பாத்து முட்சி கீது” என்றாள். முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஊர் கூடியது. அம்மன் கோயிலுக்கு முன்னால், ஊர்ப் பஞ்சாயத்துப் பேசுகிற நாட்டார்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். பாய்க்கு ஒரு நாற்காலி போட்டார்கள். பெண்கள் பின்னால், படகு நிழலில். எங்கள் ஊர்க் கூட்டத்தில் பெண்கள் உட்காரலாம், பேசக் கூடாது. என் மனைவியும் அங்கேதான் இருந்தாள்.

நான் பேடையும் கையில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பெரிய நாட்டாரிடம் கொடுத்தேன். “மோந்து பாருங்க” என்றேன். அவர் முகர்ந்து பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். பேடு கைமாறிக் கைமாறிக் கூட்டத்தைச் சுற்றி வந்தது.

“மீன் வாசன அடிக்குது” என்றார் ஒருவர்.

“வண்டி மீன் கூடை மேல ஏறிப் போச்சி. வேற இன்னா மல்லிப்பூ வாசனையா அடிக்கும்?” என்றார் இன்னொருவர். கூட்டம் சிரித்தது. பழவேற்காட்டில் ஒரு பொருள் மீன் வாசனை அடிக்கிறது என்று சாட்சி காட்டின முட்டாள் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

“நாத்தம் வேற, எண்ண வேற. கைய வெச்சிப் பாருங்க, வழுக்குது” என்று கத்தினேன்.

பெரிய நாட்டார் நிதானமான ஆள். கெட்டவர் இல்லை. உண்மையாகவே புரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். “ஏம்பா, பிரேக்குக்கு நீங்களே டப்பால வாங்கியாந்து எண்ண ஊத்தறீங்க. எண்ணைலதான் அது புடிக்குதுன்னு நீயே சொல்லிகிற. அப்புறம் எண்ண பட்டா புடிக்காதுன்னு சொன்னா எப்பிடி?”

அது உள்ளே, குழாய்க்குள் ஓடுகிற எண்ணெய், இது வெளியே என்று சொன்னேன். தட்டு, பேடு, பிஸ்டன் என்று மணலில் படம் போட்டேன். படம் போடப் போட எல்லார் முகத்திலும் ஒரே எண்ணம் தெரிந்தது: தப்பு செய்தவன்தான் இவ்வளவு பேசுவான். எனக்கு வாயும் அடங்கவில்லை. “வருஷக்கணக்கா போர்ட் மாட்டி வெச்சேனே, ஒருத்தனாவது கேட்டிங்களா?” என்று ஊரையே ஏசினேன். அதோடு என் கதை முடிந்தது. தீர்ப்புச் சொல்லக் கூடியவர்களைத் திட்டிவிட்டுத் தீர்ப்புக்குக் காத்திருந்தேன்.

மச்சினனைக் கூப்பிட்டார்கள். தட்டில் கற்பூரம் ஏற்றி அம்மனுக்கு எதிரே வைத்தார்கள். எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துவிட்டால் எங்கள் ஊரில் அதற்குமேல் கேள்வி கிடையாது. “வண்டிச் சக்கரத்துல நீ கை வெச்சியா?” என்று கேட்டார் பெரிய நாட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். கண்ணைத் தாழ்த்திக்கொண்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நேராகப் பார்த்துக்கொண்டே, “நான் வண்டி ஓட்றவன். சக்கரம் மாமா வேல. நான் கை வெக்கல” என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையைக் கற்பூரத்தின்மேல் வைத்து அழுத்தினான்.

தீர்ப்பு ரொம்ப நேரம் எடுக்கவில்லை. அத்தையின் வைத்தியச் செலவை நானும் பாயும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இனி ஏரிக்கரையில் சைக்கிளோ காரோ, எந்த வண்டியின் பிரேக்கிலும் நான் கை வைக்கக் கூடாது. பஞ்சர் ஒட்டலாம், செயின் மாட்டலாம். சுற்று வட்டாரக் குப்பங்களுக்கும் சொல்லி அனுப்புவார்கள். பாய் எழுந்துபோகும்போது என் பக்கத்தில் ஒரு நொடி நின்றார். “உன்ன நம்பினேனே” என்றார். என் வாயிலும் அதே வார்த்தைதான் இருந்தது, வேறொருவனிடம் சொல்வதற்கு.

பிறகு பஞ்சர் ஒட்டக்கூட யாரும் வரவில்லை. பிரேக்கில் கோட்டை விட்டவன் டியூபில் மட்டும் ஒழுங்காக ஒட்டுவானா என்று நினைத்திருப்பார்கள். அத்தைக்குக் கால் கூடியது, ஆனால் கூடை சுமந்து நடக்கிற காலாக இல்லை. கொட்டகை வழியாகப் போகும்போதெல்லாம் நின்று, என் பக்கம் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போவாள். அவள்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. ஏரிக்குத் திரும்பலாம் என்றால் பாடு முறையில் என் பேர் இல்லை. அண்ணனிடம் கூலிக்கு வலை இழுக்கலாம், அவ்வளவுதான். நைனா இந்தத் தடவை கத்தவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. மூன்று மாதத்தில் கொட்டகையைப் பிரித்துவிட்டு மனைவியோடு மீஞ்சூருக்குப் போனேன். பழைய லாரி ஒர்க்‌ஷாப்பில், எனக்குப் பிறகு வந்தவர்களுக்குக் கீழே வேலை கொடுத்தார்கள்.

மீஞ்சூரில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வீடு. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தேன். அவள் அருவாமனையைக் கழுவித் துடைத்து, அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைச் சாய்த்து, துணியில் எண்ணெய் தொட்டுப் பூசிக்கொண்டிருந்தாள். அந்த வாசனை பட்டதும் எனக்குத் தலைக்கு ஏறியது. “அத எடுத்து வெளிய கொட்டு. இந்த வூட்ல அந்தக் கருமம் இருக்கக் கூடாது” என்று கத்தினேன். “உன் தம்பி எனக்குப் போட்ட எண்ணயே போதும்.”

அவள் துணியை மடித்து வைத்தாள். “அது அவன் வூட்டு எண்ண இல்லய்யா. நம்ம வூட்டு எண்ணதான் அது” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. நின்றேன்.

“அன்னிக்குக் காலைல வந்தான். நீ கடைக்குப் போய்ட்ட. தட்டெல்லாம் செவப்பா கீதுக்கா, பாய் பாத்தா திட்டுவாரு, கொஞ்சம் எண்ண குடுன்னான். நான்தான் கொட்டாங்கச்சில ஊத்திக் குடுத்தேன். துணியும் நான்தான் கிழிச்சிக் குடுத்தேன்.”

“கூட்டத்துல இருந்தியேடி.”

“இருந்தேன்.”

“வாயத் தொறந்து ஒரு வார்த்த…”

“பொம்பளைங்க பேசக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?” என்றாள். அதைச் சொல்லிவிட்டு அதுவே காரணம் இல்லை என்று அவளுக்கே தெரிந்து, தொடர்ந்தாள். “பேசியிருந்தா அவன் வேல போய்டும். கல்யாணம் நின்னுபூடும். கடலுக்கும் போமாட்டான். நீ எங்க போனாலும் ஸ்பானர் புட்சிப் பொழச்சிப்ப. அவனுக்கு இன்னா கீது?”

எனக்கு என்ன இருந்தது என்று அவள் கேட்கவே இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது. அவன் பயந்தவன், மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் பொய் சொன்னான். இவள் என் வீட்டில், என் பக்கத்தில், ஊர் என்னைத் துப்பின ஒவ்வொரு நாளும் சோறு போட்டுக்கொண்டு, எல்லாம் தெரிந்து இருந்திருக்கிறாள். நான் புலம்பினபோதெல்லாம், விடுய்யா, விடுய்யா என்று முதுகைத் தடவியிருக்கிறாள். அன்றைக்குச் சாப்பிடாமல் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பிப் போனேன். அதன் பிறகும் அவளோடுதான் இருந்தேன். எங்கே போவது? ஆனால் அவள் போடுகிற சோற்றை நிமிர்ந்து பார்த்துச் சாப்பிட்டதில்லை.

இரண்டு வருஷம் போயிருக்கும். மச்சினனுக்குக் கல்யாணம் ஆகி ஒரு பிள்ளையும் பிறந்துவிட்டது. பாயின் உதவியில் சொந்தமாக ஒரு பழைய வேன் வாங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வேனை ஓட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தான். உள்ளே அவன் மனைவி, மடியில் குழந்தை, மாமியார், சொந்தக்காரர்கள் நாலைந்து பேர், அவர்களுடைய குழந்தைகள். குழந்தைக்கு மொட்டை போடத் திருத்தணி போகிறார்களாம். என் மனைவி ஓடிப்போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

அவன் என் பக்கத்தில் வந்து நின்றான். “மாமா, முன்னாடி டிஸ்கு. பேடு தேஞ்சி போச்சி. புதுசு வாங்கியாந்துகிறேன். கொஞ்சம் மாத்திக் குடு.”

“பழவேற்காட்டுல ஆளே இல்லயா?”

“இல்லாம இன்னா, ரெண்டு பேர் கடை போட்டுகிறான். குட்டிங்கள ஏத்திக்கினு மலைக்குப் போறேன் மாமா. வேற எவன் கைலயும் குடுக்க மனசு வர்ல. உன் கை வருமா?”

கூசாமல் சொன்னான். முகத்தில் கிண்டல் இல்லை, நடிப்பும் இல்லை. நிஜமாகவே அவனுக்கு என் கைமேல் அவ்வளவு நம்பிக்கை. அதைக் கேட்டு எனக்கு அழுகை முட்டியது, ஆத்திரத்தில்தான். “இதத்தான்டா ஊர்ல சொல்லச் சொல்றேன். இப்ப சொன்னத, இதே வார்த்தைய, கோயிலாண்ட நின்னு சொல்லு. உன்ன யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க. உனக்கு வேல கீது, வண்டி கீது, பொண்டாட்டி கீது. சொல்லு. நான் ஊருக்கு வந்து கடை போட்டுக்கறேன்.”

அவன் என் தோளில் கை போட்டான். “அட வுடு மாமா. முடிஞ்சி போன கதைய எதுக்கு இப்ப கிண்டிக்கினு. அவங்கவங்க ஜோலியப் பாத்துக்கினு போறோம். நேரம் ஆவுது, ஜல்தியா மாத்திக் குடு.”

வேனில் இருந்த குழந்தைகளைப் பார்த்தேன். ஜாக்கியை எடுத்துவந்தேன். சக்கரத்தைக் கழற்றினேன். பின்களைத் தேய்த்தேன், பிஸ்டனை மரம் வைத்துத் தள்ளினேன், பேடு போட்டுப் பூட்டினேன். தட்டை இரண்டு பக்கமும் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தேன். உள்ளே உட்கார்ந்து பெடல் கல்லாகும் வரை மிதித்தேன். ஒரு வேலையிலும் குறை வைக்கவில்லை. குறை வைக்க எனக்குத் தெரியாது, அது என் பெரிய பலவீனம். தெருவின் கோடி வரை ஓட்டிப் போய், அவன் கண்முன்னால் நிறுத்திக் காட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்தேன்.

எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. வேன் அங்கே போய், வரிசையில் நின்ற மாட்டு வண்டிக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி, குலுங்காமல் நின்றது. உள்ளே நின்றுகொண்டிருந்த குழந்தைகள்கூடத் தடுமாறவில்லை. கேட் திறந்ததும் அவன் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிவிட்டுப் போனான்.

என் மனைவி வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பிரேக்கு நல்லா புடிக்குதாய்யா?” என்று கேட்டாள்.

“ஊரக் கூட்டிக் கேளு” என்றேன்.